பழநி மலையில் வால்வு ரேடியோக் காலம்

பழநி மலைத்தொடருக்கு வானொலி வந்து சேர்வதற்கு முன்பே வானத்தை நோக்கும் நிலையம் வந்துவிட்டது. சென்னையில் இயங்கிவந்த வானாய்வுப் பணியின் பெரும்பகுதி 1899இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டு, ஏரிக்கு மேலே ஏறக்குறைய 2,340 மீட்டர் உயரத்தில் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. 1904 முதல் அங்கே சூரியனின் முகம் கண்ணாடித் தகடுகளில் நாள்தோறும் படம் பிடிக்கப்பட்டது. 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஓரங்களில் வாயு வெளிநோக்கி ஓடுவதை அங்கிருந்தே கண்டறிந்தார். வானொலியின் வரலாற்றை எழுதுவோர் நிலையங்களையும் அறிவிப்பாளர்களையும் மட்டும் கணக்கில் கொள்வது வழக்கம். ஆனால் பழநி மலையைப் பொறுத்தவரை, மக்கள் எந்த ஆண்டில் எந்த நிலையத்தை எவ்வளவு தெளிவாகக் கேட்டார்கள் என்ற கேள்விக்கான விடையில் பாதி சூரியனிடமும், எஞ்சியதில் பெரும்பங்கு மலையின் பாறையிடமும் மரத்தச்சரின் பட்டறையிடமும் இருக்கிறது. இன்று பழம்பொருளாகத் தேடப்படும் மரப்பெட்டி ரேடியோவைப் புரிந்துகொள்ளவும் அந்த விடையே துணை செய்யும்.

தமிழ்நாட்டில் ஒலிபரப்பு, சென்னை மாகாண ரேடியோ கிளப்பின் முயற்சியால் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924 மே மாதம் தோற்றுவித்த அந்தக் கிளப், அதே ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் ஆற்றல் கொண்ட சிறு கருவியால் ஒலிபரப்பத் தொடங்கி, பணமின்றி 1927இல் ஓய்ந்தது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1936இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் ஏற்பட்டபின், 1938 ஜூனில் சென்னை நிலையமும் 1939 மே மாதத்தில் திருச்சி நிலையமும் திறக்கப்பட்டன. கிளப்பின் 40 வாட் ஒலி நகரத்தைத் தாண்டிச் சென்றிருந்தால் அதுவே வியப்பு. பழநி மலைக்கு அது எட்டியிருக்க வழியில்லை. லண்டனிலிருந்து பிபிசி பேரரசுச் சேவை 1932 டிசம்பரில் சிற்றலையில் தொடங்கிவிட்டதால், 1845 முதல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்ட அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர், கோடையில் மலையேறிய அதிகாரிகள், கீழ்ப்பழநி மலையின் காப்பித் தோட்ட உரிமையாளர்கள் போன்ற வசதி படைத்தோரின் பெட்டிகளுக்கு முதலில் எட்டக்கூடியதாக இருந்தது பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த ஆங்கிலமே. தமிழ் அதற்குப் பிறகுதான் வந்தது.

அக்காலப் பெட்டியின் உயிர், காற்று வெளியேற்றப்பட்ட கண்ணாடிக் குமிழாகிய வால்வு. குமிழுக்குள் சூடேற்றப்பட்ட இழையிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி நேர்மின் தகட்டை நோக்கிப் பாய, இடையில் உள்ள கம்பி வலைக்குக் கொடுக்கப்படும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம் அந்தப் பாய்ச்சலைக் கூட்டியும் குறைத்தும் ஆளும். நுண்ணிய சைகை பெரிதாவது இவ்வாறுதான். பிளெமிங் 1904இல் இருமுனை வால்வையும், லீ டி பாரஸ்ட் 1906இல் வலையைச் சேர்த்து மும்முனை வால்வையும் செய்தனர். எந்த நிலையத்தின் அலையையும் பெட்டிக்குள்ளேயே ஒரே இடைநிலை அதிர்வெண்ணாக மாற்றி, பின்னர் அதைப் பெருக்கும் முறையை 1918இல் ஆம்ஸ்ட்ராங் வகுத்தார். மர்பி, பிலிப்ஸ், எக்கோ, புஷ், ஜி.இ.சி., எச்.எம்.வி. எனத் தமிழ்நாட்டு வீடுகளில் நின்ற பெட்டிகள் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு வால்வுகளைக் கொண்டு இம்முறையில் இயங்கியவையே. பொத்தானைத் திருப்பியதும் ஒலி வராது. இழை சூடேற அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். விலை கூடிய பெட்டிகளில் முகப்பில் ஒரு பச்சைக் கண் இருந்தது. அதுவும் ஒரு வால்வுதான். நிலையம் சரியாகப் பொருந்தும்போது அதன் நிழற்பிளவு ஒடுங்கும். சூடேறிய தூசும் மெழுகும் அரக்கும் கலந்த மணம் அந்தப் பெட்டிகளுக்கே உரியது.

ஆனால் பெட்டி தனியாக ஒன்றும் செய்துவிடாது. வீட்டுக் கூரைக்கு மேல் இரண்டு கம்பங்களுக்கு இடையே பீங்கான் முட்டைகளில் கட்டப்பட்ட செப்புக் கம்பியோ, கூடத்தின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய செப்பு வலைப்பட்டையோ ஏரியலாக வேண்டும்; மண்ணில் புதைத்த உலோகத்திலிருந்து எர்த் கம்பியும் வர வேண்டும். சமவெளியில் ஈரமண்ணில் ஒரு குழாயை அடித்து இறக்கினாலே எர்த் அமைந்துவிடும். பழநி மலையின் உடல் பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடும் பாறை. அதன்மேல் உள்ள மண்படலம் பல இடங்களில் மெல்லியது. பாறையோ மின்சாரத்தை நன்கு கடத்துவதில்லை. குழி தோண்டிக் கரியும் கல்லுப்பும் மாறிமாறி நிரப்பி, நடுவில் செப்புத் தகட்டையோ குழாயையோ நிறுத்தி, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்கும் முறை தமிழ்நாடெங்கும் அறியப்பட்டதுதான் என்றாலும், மலையில் அதற்குக் கூடுதல் தேவை இருந்தது. நிலத்தையொட்டி ஊர்ந்துவரும் நடுத்தர அலைக்கும் அதே பாறையே பகை. மின்கடத்தாத நிலத்தின் மீது அது விரைவாக வலுவிழக்கும், குறுக்கே நிற்கும் முகடுகள் எஞ்சியதையும் மறைக்கும். திருச்சி நேர்கோட்டில் ஏறக்குறைய 145 கிலோமீட்டர்தான் என்றாலும், மடிப்புக்குள் கிடந்த ஊருக்குப் பகலில் அது தொலைதூர நிலையம் போலவே ஒலிக்கக்கூடியது. உயரத்தில் கட்டிய நீண்ட கம்பி இடியையும் அழைத்தது. மழைக்காலத்தில் ஏரியலைப் பெட்டியிலிருந்து கழற்றி எர்த் கம்பியோடு முறுக்கி வைக்கத் தவறிய வீடுகளில் முதலில் எரிவது ஏரியல் சுருள். இன்று பழுது நீக்கப் பிரிக்கப்படும் பெட்டிகளில் கருகிய அந்தச் சுருளைக் கண்டால், இடி இறங்கியதற்கான சான்றாகவே அதை முதலில் கருத வேண்டும்.

பாறை தடுத்ததை வானம் ஈடு செய்தது. பூமிக்கு மேலே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் முதல் சில நூறு கிலோமீட்டர் உயரம் வரை, சூரியனின் புறஊதாக் கதிரும் ஊடுகதிரும் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்து அவற்றை மின்னேற்றம் உடையவையாக ஆக்குகின்றன. அயனமண்டலம் எனப்படும் இப்பகுதி சிற்றலையை வளைத்துத் தரைக்கே திருப்பி அனுப்பும். கொடைக்கானல் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளது. அக்கோட்டின் மேலே, பகலில் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒடுங்கிய பட்டையாக மின்னோட்டம் ஓடுகிறது என்பதால் அயனமண்டல ஆய்வுக்கு உலகிலேயே தகுந்த சில இடங்களில் அதுவும் ஒன்றாயிற்று. ஏ.கே. தாஸ் இயக்குநராக இருந்த காலத்தில், 1950களின் தொடக்கத்திலிருந்து, அங்கே அயனமண்டலத்தை அளக்கும் கருவி இயங்கியது. அக்கருவி வெவ்வேறு அதிர்வெண்களில் ரேடியோத் துடிப்புகளைச் செங்குத்தாக மேலே அனுப்பி, எதிரொலி திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு எந்த அலை எந்த உயரத்திலிருந்து திரும்புகிறது, எந்த அலை திரும்பாமல் ஊடுருவிப் போய்விடுகிறது என்பதைப் பதிவு செய்தது. மலையடிவாரத்தில் ரேடியோ கேட்டவர் திருகைத் திருப்பித் தேடிக் கண்டுபிடித்ததும், மலையுச்சியில் ஆய்வாளர் படச்சுருளில் படித்ததும் ஒரே செய்தியே.

இந்த ஒற்றுமை 1957-58இல் உச்சத்தைத் தொட்டது. 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை உலக நாடுகள் சேர்ந்து நடத்திய பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில் கொடைக்கானலும் பங்கு பெற்றது. அதே காலத்தில்தான், இதுவரை எண்ணிப் பதிவு செய்யப்பட்ட சுழற்சிகளிலேயே மிக அதிகமான சூரியப் புள்ளிகளைக் கொண்ட பத்தொன்பதாம் சுழற்சி தன் உச்சத்தில் இருந்தது. புள்ளிகள் பெருகும்போது அயனமண்டலம் அடர்த்தியாகி, வழக்கமாக வெகுதொலைவில் போய் விழும் 25 மீட்டர் அலைகூட அண்மையில் திரும்பி விழும். புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் அந்த அலை தலைக்கு மேலே தாண்டிப் போய்விட, 41 அல்லது 49 மீட்டருக்கு முள்ளை இறக்க வேண்டியிருக்கும். சூரியன் மறைந்த ஓரிரு மணி நேரத்தில் காந்த நடுக்கோட்டுப் பகுதியின் மேல்மண்டலம் குமிழ் குமிழாகச் சிதறுவதால், அந்நேரத்தில் சிற்றலைப் பாட்டில் ஒரு நடுக்கம் ஏறும். பாடகரின் குரலில் இல்லாத அதிர்வு அது. கேட்டவர்கள் ரேடியோக் கோளாறு என்று பெட்டியின் தலையில் தட்டினார்கள். தட்டப்பட வேண்டியது 300 கிலோமீட்டர் மேலே இருந்தது.

அந்த ஆண்டுகளில் பெரும்பாலோர் தேடிய நிலையம் கொழும்பு. வரைபடத்தில் அளந்தால், கொடைக்கானலிலிருந்து சென்னையும் கொழும்பும் ஏறத்தாழச் சம தொலைவில், 440 அல்லது 450 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளன என்பது பலருக்கு வியப்பளிக்கும். அலைக்கு அரசு எல்லை தெரியாது. நிகழ்ச்சியே வேறுபாட்டை உண்டாக்கியது. 1925இல் தொடங்கிய கொழும்பு வானொலி, போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட வலுவான சிற்றலைக் கருவிகளைப் பெற்று, 1949இல் இலங்கை வானொலியாகப் பெயர் மாறியது. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஏறக்குறைய இல்லாமற்போக, இலங்கை வர்த்தக ஒலிபரப்பு அந்த வெற்றிடத்தை நிரப்பியது. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டு வீடுகளில் உறவினர் குரல் போல் அறியப்பட்டது அப்போதுதான். 1957 அக்டோபரில் விவிதபாரதி தொடங்கப்பட்டது இதற்கு எதிர்வினையாகவே என்றாலும், அதற்குள் பல பெட்டிகளின் அலைவரிசைக் கண்ணாடியில் டெல்லி, லண்டன் என்பவற்றோடு சிலோன் என்ற பெயரும் அச்சாகியிருந்தது. பண்பாட்டுத் தூய்மையைக் காக்க எடுக்கப்பட்ட முடிவு அண்டை நாட்டு வணிக ஒலிபரப்புக்கு ஊட்டமாக அமைந்ததைவிடப் பெரிய தவறு இந்திய ஒலிபரப்பு வரலாற்றில் குறைவு.

ரேடியோ வைத்திருப்பது உரிமம் பெற வேண்டிய செயலாக இருந்தது. 1933ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி ஒவ்வொரு பெட்டிக்கும் அஞ்சல் நிலையத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி, சிறு புத்தகத்தில் முத்திரை பெற வேண்டும். நாடு விடுதலை அடைந்தபோது இந்தியா முழுவதும் இருந்த உரிமங்கள் ஏறக்குறைய 2.75 லட்சம்தான். உரிமமுறை 1980களின் நடுவில் நீக்கப்பட்டது. பெட்டியின் பெயரும் மாதிரி எண்ணும் உரிமையாளரின் முகவரியும் எழுதப்பட்ட அந்தப் புத்தகம், எந்த அருங்காட்சியகச் சீட்டையும்விட நம்பத்தக்க ஆவணம். தனிப் பெட்டி வாங்க இயலாத ஊர்களுக்கு அரசு பொதுவானொலி வழங்கியது: ஊராட்சிக் கட்டடத்தில் பூட்டிய அறையில் பெட்டி, கூரைமேல் ஒலிபெருக்கிக் குழல், மாலையில் பண்ணைச் செய்தி. 1960களில் தஞ்சை வட்டாரத்தில் ஏ.டி.டி. 27 என்ற நெல் இரகம் வானொலி வழியே பரவி ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றது இந்த ஏற்பாட்டின் வலிமைக்குச் சான்று.

மின்கம்பி எட்டாத மலையூர்களுக்கு வேறு வகைப் பெட்டி தேவைப்பட்டது. உலர் பேட்டரிப் பெட்டியில் இழைக்கு 1.4 வோல்ட்டும், தகட்டுக்கு 90 வோல்ட்டும் தரும் இரு வகைப் பேட்டரிகள் அட்டைக்கட்டாக வந்தன. அவை தீர்ந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. இன்னொரு வகை கார் பேட்டரியில் ஓடியது. அதைச் சார்ஜ் செய்ய நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நெடுங்காலம் குதிரை முதுகில் சுமை ஏறிய வெள்ளகவி போன்ற மலையூரின் பாதையை நினைத்துப் பார்த்தால், அமிலம் ததும்பும் ஒரு பேட்டரியை மலைவழியே இறக்கி ஏற்றுவதன் பொருள் புரியும். மலையில் ரேடியோ கேட்பது சிக்கனமாகக் கணக்கிட்டுக் கேட்பதாக இருந்ததற்கு இதுவே காரணம்.

டிரான்சிஸ்டர் இந்தக் கணக்கை ஒரேயடியாகக் கலைத்தது. 1947இல் பெல் ஆய்வகத்தில் உருவான அச்சிறு பொருள் 1960களில் இந்தியக் கடைகளுக்குப் பெட்டி வடிவில் வந்தபோது, சூடேறக் காத்திருப்பதும் கூரைமேல் கம்பி கட்டுவதும் 90 வோல்ட் பேட்டரியும் ஒருசேர ஒழிந்தன. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் உள்நாட்டில் வால்வு செய்யத் தொடங்கியதும் அதே 1960களில்தான் என்பது வரலாற்றின் குறும்பு. அடுத்த பத்தாண்டுகளில் மரப்பெட்டிகள் கூடத்திலிருந்து பரணுக்கு ஏறின.

பரணில் மலையின் ஈரம் அவற்றைப் பிடித்துக்கொண்டது. பெட்டியின் உடல் பெரும்பாலும் ஒட்டுப்பலகை. அதன்மேல் தேக்கு, வால்நட் முதலிய மரங்களின் காகிதம் போன்ற மெல்லிய தகடு, விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரத்தால் ஒட்டப்பட்டிருக்கும். அதற்குமேல் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொதியால் தேய்த்த பாலிஷ், அல்லது தெளிப்பு மெருகு. வச்சிரம் ஈரத்தில் இளகும். மாதக்கணக்கில் மூடுபனி படிந்தால் மேல்தகடு மூலைகளில் சுருண்டு எழும். இதே இளகும் குணமே பழுதுபார்ப்பவருக்கு வரமாகிறது. ஈரத்துணியை விரித்து மிதமான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் பழைய வச்சிரமே உருகி மீண்டும் பிடித்துக்கொள்ளும். போதாத இடத்தில் புதிய வச்சிரத்தைச் சுடுநீரில் கரைத்துச் செலுத்தி, மரத்துண்டு வைத்துக் கவ்வியில் இறுக்கி ஒரு நாள் விட வேண்டும். 1959இல் சந்தைக்கு வந்த பெவிகாலைப் பயன்படுத்துவது எளிது. ஆனால் அது ஒட்டிய இடத்தை அடுத்த தலைமுறை பிரிக்க முயன்றால் தகடு கிழியும். அரக்குப் பாலிஷை ஈரக்காற்றில் பூசினால் வெண்மையாகப் பூத்துவிடும் என்பதால், மலையில் அந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலான உலர்ந்த நாள்களே உகந்தவை.

மரத்தைவிட மின்சுற்றில் பொறுமை கூடுதலாக வேண்டும். பல ஆண்டு உறங்கிய பெட்டியை நேராக மின்இணைப்பில் செருகுவது அதைக் கொல்லும் வழி. காகிதத்தையும் உலோகத் தாளையும் சேர்த்துச் சுருட்டி மெழுகில் தோய்த்த கண்டென்சர்கள் ஈரம் குடித்து மின்சாரத்தைக் கசிய விடும். குறிப்பாக, கடைசி வால்வின் வலைக்கு ஒலியைக் கொண்டு செல்லும் ஒரு சிறிய கண்டென்சர் கசிந்தால், அந்த வால்வின் வழியே அளவு மீறிய மின்னோட்டம் பாய்ந்து, வால்வு சிவந்து, ஒலிபெருக்கியின் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடும். மலிவான ஒரு பொருளைக் கவனிக்காமல் விடுவதால் கிடைத்தற்கரிய இரு பாகங்கள் போகின்றன. எனவே 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து, அது எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதைப் பார்த்தபடி மெல்ல உயிர் கொடுப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். கசியும் கண்டென்சரைத் தூக்கி எறியாமல், அதன் மெழுகைச் சூட்டில் உருக்கிக் காகிதச் சுருளை உருவி எடுத்து, அந்தக் கூட்டுக்குள் இக்காலத்துச் சிறு கண்டென்சரை நுழைத்து, பழைய மெழுகையே ஊற்றி மூடுவோர் உண்டு. பின்பலகையைத் திறந்தால் பெட்டி 1955இல் இருந்தபடியே தோன்றும். அலைவரிசைக் கண்ணாடியின் உட்பக்க எழுத்தை ஈரத்துணியால் துடைத்த ஒரே வீச்சில் சிலோனும் லண்டனும் அழிந்த பெட்டிகள் எத்தனையோ. அந்த எழுத்தைத் தொடாமல் விடுவதே திறமை.

சேகரிப்போரின் சந்தை இன்று காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவிலும் நடக்கிறது. அங்கே கூடிவரும் ஒரு வழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க இயலாது: வால்வுகளையும் சட்டத்தையும் பிடுங்கி எறிந்துவிட்டு, பளபளக்கும் பெட்டிக்குள் புளூடூத் ஒலிபெருக்கியை வைத்து விற்பது. ஊமையான அசல் பெட்டியிலிருந்து வரலாற்றைப் படித்தறியலாம். பேசும் இந்தப் போலியிடம் படிக்க ஒன்றுமில்லை. எர்த் கம்பி முனையில் படிந்த பச்சைக் களிம்பு, கருகிய ஏரியல் சுருள், பின்பலகையில் மெக்கானிக் பென்சிலால் எழுதிய தேதி ஆகிய மூன்றையும் துடைத்தெறியும் எந்தப் புதுப்பிப்பும் சேதம்தான்.

மலையோ இப்போது ஒலிபரப்பும் இடமாகிவிட்டது. கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் தென்மாவட்டங்களின் பெரும்பகுதிக்குக் கேட்கிறது. நடுத்தர அலையும் சிற்றலையும் மட்டுமே கொண்ட அந்தக் காலப் பெட்டி, நிலையத்தின் கோபுரத்தடியிலேயே வைக்கப்பட்டாலும் அதைக் கேட்காது. ஆய்வகத்தின் நூறாண்டுத் தகடுகள் எண்மமாக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டுள்ளன. அதே சூரியனின் விளைவைக் காதால் கேட்டறிந்த பெட்டிகளுக்கு அப்படி ஒரு காப்பகம் இல்லை. பரணில் மரப்பெட்டி வைத்திருப்போர் செய்யக்கூடியது எளியது: அதை மின்இணைப்பில் செருகிப் பார்க்க வேண்டாம், பின்பலகையைத் திறந்து, உள்ளே இருப்பதை இருந்தபடியே படம் எடுத்துவைக்க வேண்டும், அஞ்சலக முத்திரை குத்திய உரிமப் புத்தகம் பீரோவில் எங்காவது கிடந்தால், பழைய பேப்பர்க்காரரிடம் போடாமல் பெட்டியோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும்.